வினோத நாள்களின் பெயரோடு கதையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் ‘இன்று என்ன நாள்?’ என்ற தலைப்பில் நாள்தோறும் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியாகிறது. அணில் பாராட்டு நாள், பனிமனிதன் நாள், குமிழ் உறை நாள் என்று குளிர்கால மாதங்களில் அந்தப் பெட்டிக்குள் வந்து உட்காரும் பெயர்களைப் பார்த்துப் பொறுமையிழந்த வாசகர் ஒருவர், வேலையற்றவர்கள் யாரோ கட்டிவிட்ட இந்த நாள்களுக்குக் காகிதத்தையும் மையையும் செலவிட வேண்டுமா என்று அண்மையில் இதே பகுதியில் கேட்டிருந்தார். அவருடைய எரிச்சலில் பாதி நியாயம் இருக்கிறது. ‘இன்று அணில் பாராட்டு நாள்’ என்று ஒற்றை வரி போட்டு நிறுத்திவிட்டால், படிப்பவர் அணிலைப் பாராட்டவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார், பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதற்காகப் பெட்டியையே எடுத்துவிட வேண்டியதில்லை. அந்த நாளை யார், எங்கே, எதற்காகத் தொடங்கினார் என்பதை நான்கு வரிகளில் சேர்த்து எழுதினால், குளிர்காலக் காலையில் பலரும் முதலில் தேடிப் படிக்கும் இடமாக அது மாறிவிடும் என்பது என் கருத்து. அதோடு, இந்த நாள்களில் பலவற்றைப் பெற்றதும் வளர்த்ததும் பத்திரிகை அலுவலகங்களே என்பதால், அவற்றின் கதையைச் சொல்லும் கடமையும் பத்திரிகைக்கு இருக்கிறது. சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இந்த நாள்களுக்கு அனுமதி கொடுப்பது யார் என்று கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு யாருமில்லை என்பதே பதில். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றி அறிவிக்கும் நாள்கள் தனி வகை. அரசுகள் அறிவிப்பவை இன்னொரு வகை. அதிலும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1980-களில் இந்த மோகம் எல்லை மீறிப்போய், சில ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏதேனும் ஒரு நாளையோ வாரத்தையோ மாதத்தையோ சிறப்பிப்பவையாகவே இருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிரதிநிதிகள் அவை, 1995-இல் அத்தகைய மசோதாக்களை அறிமுகப்படுத்தவே கூடாது என்று விதி வகுத்துக் கதவைச் சாத்தியது. எஞ்சியவை எல்லாம் தனி மனிதர்கள் தாமாகவே அறிவித்துக்கொண்டவை. அவற்றைத் திரட்டி ஆண்டுதோறும் வெளியிடும் குறிப்பேடு ஒன்றை 1957-இல் தொடங்கியவர் வில்லியம் சேஸ் என்பவர். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் ஒரு நாளிதழின் நூலகராக இருந்தவர். தம் சகோதரர் ஹாரிசனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய அந்தக் குறிப்பேடே இன்றுவரை இந்த நாள்களுக்குப் பிறப்புப் பதிவேடு போல இருந்துவருகிறது.

பெயர் வேடிக்கையாக இருந்தால் நோக்கமும் வெறுமையாகத்தான் இருக்கும் என்று அந்த வாசகர் கருதுவது தெரிகிறது. நவம்பர் 19-ஆம் தேதியை உலகக் கழிப்பறை நாள் என்று சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001-இல் அறிவித்தபோதும் உலகம் சிரித்தது. சிரிக்கட்டும், சிரித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டவர் அவர். 2013-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதை அதிகாரபூர்வ நாளாக ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் எல்லா வேடிக்கை நாளுக்கும் இப்படி ஒரு சமூகப் பயனைத் தேடிக் கண்டுபிடித்து நியாயம் கற்பிக்க நான் முயலவில்லை. பயனே இல்லாத நாள்களுக்காகவும் வாதாடத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் இவை ஏன் இப்படிக் குவிகின்றன என்பதைப் புரிந்துகொள்ள 1819-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். வட துருவத்தை ஒட்டிய கடல்வழியைத் தேடிப் புறப்பட்ட வில்லியம் எட்வர்டு பாரியின் ‘ஹெக்லா’, ‘கிரிப்பர்’ என்னும் இரண்டு கப்பல்களும் மெல்வில் தீவருகே பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொண்டன. ஏறத்தாழ 90 பேர். மூன்று மாதம் சூரியனே எழாத இருட்டு. வெளியே போனால் மூக்கு நுனி உறைந்து போகும் குளிர். இருட்டைவிடச் சோர்வுதான் ஆள்களை முதலில் வீழ்த்தும் என்பதை அறிந்திருந்த பாரி, கப்பலின் மேல்தளத்தில் நாடகங்களை நடத்த ஏற்பாடு செய்தார். அறிவியல் பணிக்காக உடன் வந்திருந்த எட்வர்டு சபீனை ஆசிரியராக்கி, வாரம் ஒருமுறை கையெழுத்தில் வரும் செய்தித்தாள் ஒன்றையும் தொடங்கி வைத்தார். ‘நார்த் ஜார்ஜியா கெசட் அண்டு வின்டர் குரோனிக்கிள்’ என்று அதற்குப் பெயர் கூட உண்டு. செய்தி என்று சொல்ல அங்கே எதுவும் நிகழவில்லை. ஆகவே போலி விளம்பரங்களும், நாடக விமரிசனங்களும், புனைபெயர்களில் ஆசிரியருக்குக் கடிதங்களும் எழுதி இதழை நிரப்பினார்கள். எதையும் எழுதித் தராமல் படிக்க மட்டும் வருகிறவர்களை என்ன செய்யலாம் என்று ஒரு சர்ச்சையே அந்தக் கடிதங்களில் நடந்தது. 21 இதழ்கள் வந்தன. தாயகம் திரும்பிய பிறகு 1821-இல் லண்டனில் அது அச்சிலும் ஏறியது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் என் போன்றவர்களுக்கு இதைவிட மதிப்பான குலமரபு வேறெங்கும் கிடைக்காது.

பூமியின் எதிர் முனையிலும் இதுவே நடந்தது. ராபர்ட் ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ கப்பல் 1902-இல் அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்தபோது, எர்னஸ்ட் ஷாக்கில்டன் ஆசிரியராக இருந்து ‘சவுத் போலார் டைம்ஸ்’ என்ற இதழைத் தட்டச்சில் அடித்து வெளியிட்டார். எட்வர்டு வில்சன் அதற்குப் படம் வரைந்தார். அடித்தது ஒரே ஒரு பிரதி. அதுவே கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போனது. தென் அரைக்கோளத்தில் குளிர்காலத்தின் நடுப்புள்ளி ஜூன் 21-ஐ ஒட்டி வருகிறது. அந்த நாளை நடுக்குளிர் நாள் என்று கொண்டாடுவதும் அந்தப் பழைய பயணங்களில் தொடங்கிய பழக்கம்தான். இன்றும் அண்டார்க்டிகாவிலுள்ள பல நாட்டு ஆய்வு நிலையங்கள் அன்று ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்கின்றன. பிரிட்டிஷ் நிலையங்களில் கையால் செய்த பரிசுகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள்; அவர்களுக்கென்று பிபிசி உலக சேவை தனி வானொலி நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்புகிறது. கேட்போர் எண்ணிக்கையைப் பார்த்தால் உலகின் மிகச் சிறிய நேயர் வட்டங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். ஐஸ்லாந்தின் வடமேற்கில் உள்ள ஈசாஃப்யோர்துர் என்னும் ஊரில் சூரியன் ஏறத்தாழ இரண்டு மாதம் மலைகளுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டு, ஜனவரி 25-ஐ ஒட்டி ஊருக்குள் வெளிச்சத்தைத் திரும்பவும் அனுப்புகிறது. அன்று அங்கே எல்லோரும் காப்பியும் அப்பமும் வைத்துக்கொண்டு ‘சூரியக் காப்பி’ குடிக்கிறார்கள். வானம் மேகமூட்டமாக இருந்தாலும் காப்பி நிற்பதில்லை.

இனி, குளிர்கால வினோத நாள்களில் முதல் மரியாதைக்குரிய பிப்ரவரி 2-க்கு வருகிறேன். அன்று கிரவுண்ட்ஹாக் நாள். கிரவுண்ட்ஹாக் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த, பருத்த உடல்கொண்ட ஒரு கொறி விலங்கு. வளையைவிட்டு வெளியே வரும் அது தன் நிழலைக் கண்டு மிரண்டு உள்ளே போய்விட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும், நிழலைக் காணாவிட்டால் வசந்தம் விரைவில் வரும் என்பது நம்பிக்கை. ஜெர்மனியில் இதே நாளில் வளைக்கரடியை வைத்துச் சொல்லிவந்த சோதிடம் இது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் அங்கே எளிதில் கிடைத்த விலங்கிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். பங்ஸட்டானி என்ற சிற்றூரில் வெளிவந்த செய்தித்தாளின் செய்தி ஆசிரியர் கிளைமர் ஃபிரியாஸ் 1886-இல் இதைச் செய்தியாக்கினார். மறு ஆண்டு பிப்ரவரி 2 அன்று ஊர்க்காரர்கள் சிலர் ‘காப்ளர்ஸ் நாப்’ என்ற குன்றுக்கு முறைப்படி ஊர்வலம் போனார்கள். அன்று முதல் எங்கள் ஊர் விலங்கு சொல்வதே சரியான ஆரூடம், மற்ற ஊர்களுடையவை போலி என்று ஃபிரியாஸ் விடாமல் எழுதிவந்தார். ஒரு செய்தியாளர் செய்யக்கூடாத காரியம்தான். ஆனாலும் அவரைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.

அந்தச் சடங்கைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் அதன் சுவை தெரியும். விடியலுக்கு முன்பே, உறைபனியில், உயரத் தொப்பியும் விழாக்கால அங்கியும் அணிந்த கனவான்கள் மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். ‘உள்வட்டம்’ என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். தலைவர் கைத்தடியால் மரத்தண்டு ஒன்றைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது, ‘ஃபில்’ என்ற அந்த விலங்கைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார்கள். கையில் கருவேல வகை மரத்தாலான அந்தத் தடி இருக்கும்வரை தலைவருக்குக் கிரவுண்ட்ஹாக் மொழி புரியும் என்பது ஐதீகம். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, முன்பே தயாராக வைத்திருக்கும் இரண்டு சுருள்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார். அதிலுள்ள தீர்ப்பு உரத்த குரலில் வாசிக்கப்படுகிறது. கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரிக்கிறது, ஒரு பகுதி கூச்சலிடுகிறது. காட்டில் இந்த விலங்கு ஆறு ஆண்டு உயிரோடிருந்தால் அதிகம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு முதல் ஆரூடம் சொல்லிவருவது ஒரே ஃபில்தான் என்று சங்கத்தார் சாதிக்கிறார்கள். ஆண்டுதோறும் கோடையில் ஒரு மடக்கு இரகசிய பானம் கொடுக்கிறார்களாம். ஒவ்வொரு மடக்கும் ஏழாண்டு ஆயுளைக் கூட்டுமாம். இதைச் சொல்லும்போது அவர்களில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை.

ஆரூடம் பலித்ததா என்பதை அமெரிக்க அரசின் வானிலைத் துறையினர் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். அவர்கள் கணக்கின்படி அண்மைக் கால வெற்றி விழுக்காடு 35 முதல் 40-க்குள்தான் நிற்கிறது. காசைச் சுண்டிப்போட்டாலே ஐம்பது தேறும் என்பதால், ஃபில் சொல்வதற்கு நேர் எதிராகத் திட்டமிடுகிறவரே விவேகி என்றாகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிப்ரவரி 2-க்கும் பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20-க்கும் இடையே ஆறரை வாரம். நிழல் விழுந்தாலும் விழாவிட்டாலும் வானியல்படி வட அரைக்கோளத்தில் வசந்தம் ஆறரை வாரம் கழித்துத்தான் வரும். ஆக, பல்லாயிரம் பேர் உறைபனியில் இரவெல்லாம் நின்று கேட்டறியும் தீர்ப்பில் பாதி எந்த நாள்காட்டியிலும் முன்பே அச்சாகியிருக்கிறது. இது தெரிந்தேதான் அத்தனை பேரும் வருகிறார்கள். இந்த நான்கைந்து செய்திகளில் இரண்டையாவது பெட்டிக்குள் சேர்த்திருந்தால், ‘இன்று கிரவுண்ட்ஹாக் நாள்’ என்ற வரியைப் படித்துவிட்டு ‘அதனால் எனக்கென்ன?’ என்று எந்த வாசகரும் கேட்டிருக்கமாட்டார்.

மற்ற நாள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி 18 உலகப் பனிமனிதன் நாள். ஜெர்மனியில் பனிமனிதப் பொம்மைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் கொர்னேலியஸ் கிரெட்ஸ் என்பவர் தேர்ந்தெடுத்த தேதி அது. 8 என்ற இலக்கம் பனிமனிதனைப் போலவும், பக்கத்தில் நிற்கும் 1 அவன் கைத்துடைப்பம் போலவும் தெரிகிறதாம். ஒருமுறை சொல்லிக் கேட்டபிறகு 18-ஐ வேறுவிதமாகப் பார்க்க முடியவில்லை. ஜனவரி 21-ஐ அணில் பாராட்டு நாளாக 2001-இல் தொடங்கியவர், வட கரோலினாவின் ஆஷ்வில் பகுதியில் காயம்பட்ட வன உயிர்களைப் பேணிவந்த கிறிஸ்டி ஹார்குரோவ். கடுங்குளிரில் இரை தட்டுப்படாத நேரத்தில் அணில்களுக்கு ஒரு கைப்பிடி தானியம் வைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆக, வாசகர் எரிச்சல்பட்ட நாளுக்கு மிக எளிய ஒரு காரணம் இருந்தது. நாம்தான் அதை அச்சிடவில்லை. பிப்ரவரி 20 இன்னும் எளிமையானது. நடுப்பகல் 12 மணிக்கு வீட்டுக்கு வெளியே வந்து, இரு கைகளையும் தலைக்குமேல் ஆட்டி, ‘ஹூடி-ஹூ’ என்று உரக்கக் கூவிக் குளிர்காலத்தை விரட்டவேண்டும். டாம் ராய், ரூத் ராய் என்ற பென்சில்வேனியத் தம்பதியர் உருவாக்கிய ஏராளமான நாள்களில் இதுவும் ஒன்று. செலவில்லாத நாள், அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

குமிழ் உறை நாளை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. உடையும் பொருள்களைச் சுற்றி அனுப்பும் அந்தக் குமிழ் உறையை 1957-இல் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் உருவாக்கியபோது, சுவரில் ஒட்டும் புடைப்புத் தாளாகத்தான் அதை விற்க நினைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. பொருள்களைப் பாதுகாப்பாகப் பொதிவதற்கு அது ஏற்றது என்பது பிறகுதான் புலப்பட்டது. 2001-இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரிலிருந்த வானொலி நிலையம் ஒன்றுக்கு ஒலிவாங்கிகள் அந்த உறைக்குள் வந்து சேர்ந்தன. பிரித்து எடுத்துப் பொருத்தும்போது குமிழ்கள் ‘பட் பட்’டென்று வெடித்த ஓசை தவறுதலாக ஒலிபரப்பாகிவிட, அதுவே ஜனவரியின் கடைசித் திங்கட்கிழமையைக் குமிழ் உறைப் பாராட்டு நாளாக்கிவிட்டது. கையில் ஒரு துண்டு குமிழ் உறை கிடைத்த எவரும் கடைசிக் குமிழ்வரை வெடிக்காமல் கீழே வைத்ததை நான் பார்த்ததில்லை. அலுவலகக் கூட்டத்தில், மேசைக்கு அடியில், முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் அதைச் செய்துகொண்டிருக்கும் மூத்த அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா வேடிக்கைக்கும் நான் கைதட்டுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் கால்சட்டை அணியாமல் சுரங்க ரயிலில் ஏறி, ஒன்றும் நடவாததுபோல் செய்தித்தாள் படித்துக்கொண்டு பயணம் செய்யும் பழக்கம் 2002-இல் நியூயார்க்கில் ஏழு பேருடன் தொடங்கிப் பல நாட்டு நகரங்களுக்குப் பரவியது. அதன் துணிச்சலை ஒப்புக்கொள்கிறேன். உடன் பயணிப்பவரின் சம்மதத்தைக் கேட்காத வேடிக்கை எனக்கு உவப்பாக இல்லை. குளிரில் அவர்கள் நடுங்கிய நடுக்கமே போதுமான தண்டனை என்று விட்டுவிடலாம்.

இந்த வரிசையில் தனியே நிற்பது டிசம்பர் 23-இல் வரும் ‘ஃபெஸ்டிவஸ்’. டேனியல் ஓ’கீஃப் என்ற பத்திரிகை ஆசிரியர், தாமும் மனைவியும் முதன்முதலில் சேர்ந்து வெளியே சென்ற நாளின் நினைவாக 1966-இல் வீட்டுக்குள் தொடங்கிய பண்டிகை அது. அவர் வீட்டில் அப்போது அதற்கென்று ஒரு தேதி கிடையாது. அவருக்குத் தோன்றும்போது வரும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் பண்டிகை நடந்துகொண்டிருக்கும். கடிகாரம் ஒன்றைப் பைக்குள் போட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார். ஏன் என்று அவர் கடைசிவரை பிள்ளைகளிடம் விளக்கவே இல்லை. ஆண்டு முழுதும் சேர்ந்த மனக்குறைகளை வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் முறையாகக் கொட்டித் தீர்ப்பது அதன் முக்கிய நிகழ்ச்சி. அவருடைய மகன் பின்னாளில் தொலைக்காட்சி எழுத்தாளராகி, சக எழுத்தாளர்களின் வற்புறுத்தலால் 1997 டிசம்பரில் ஒரு நகைச்சுவைத் தொடரில் இதைச் சேர்த்தார். எந்த அலங்காரமும் இல்லாத அலுமினியக் கம்பம் அப்போது சேர்ந்ததுதான். கடைவீதிகள் ஜோடனையில் மின்னும் அதே வாரத்தில் வெறும் கம்பத்தை நட்டுவைத்து அதைச் சுற்றி நிற்கும் யோசனை பலருக்கும் பிடித்துப்போனது. பண்டிகையின் பெயரால் பணம் கரைவதைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ தலையங்கங்கள் சாதிக்காததை அந்தக் கம்பம் கொஞ்சம் சாதித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இங்கேதான் தங்கள் பெட்டிச் செய்தியின்மேல் எனக்குள்ள உண்மையான குறை வருகிறது. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமையை ‘ஆண்டின் மிகச் சோகமான நாள்’ என்று எந்தக் கேள்வியும் இன்றி வெளியிடுகிறீர்கள். அது பிரிட்டனில் 2005-இல் பயணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்காக வெளியிட்ட அறிக்கையில் பிறந்த நாள். வானிலை, கடன், பண்டிகை முடிந்து கழிந்த நாள்கள், கைவிட்ட புத்தாண்டுத் தீர்மானங்கள், ஊக்கக் குறைவு என்று ஒன்றோடொன்று கூட்டவோ வகுக்கவோ முடியாதவற்றை எல்லாம் கூட்டியும் வகுத்தும் ஒரு சூத்திரம் தயாரித்து, கிளிஃப் ஆர்னல் என்ற உளவியலாளரின் பெயரில் வெளியிட்டார்கள். சோகத்துக்கு மருந்து என்னவென்றால், உடனே ஒரு சுற்றுலாவுக்குப் பதிவு செய்வது. அறிவியலாளர்கள் அதைப் பலமுறை மறுத்துவிட்டார்கள். ஆர்னலே பின்னாளில் அந்த நாளை மறந்துவிடச் சொன்னார். மனச்சோர்வு நாள் பார்த்து வருவதில்லை என்பது அதனால் வாடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தற்கொலைத் தடுப்புப் பணியில் உள்ள பிரிட்டனின் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு இந்தப் புரளியோடு மல்லுக்கட்டாமல், அதே திங்கட்கிழமையைத் தெரிந்தவர் யாரையாவது தேநீருக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளாக மாற்றிவிட்டது. கிரவுண்ட்ஹாக் நாளில் யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் ஏமாற்றுகிறவரும் ஏமாறுகிறவரும் சேர்ந்தே சிரிக்கிறார்கள். சோகத் திங்களில் சிரிப்பவர் பயணச்சீட்டு விற்பவர் மட்டும்தான். தாங்கள் வெளியிடும் ஒற்றை வரியில் இந்த இரண்டுக்கும் வேறுபாடே தெரியாமல் போகிறது.

பத்திரிகைக்குக் கடமை உண்டு என்று தொடக்கத்தில் எழுதியதற்கு இன்னொரு சான்றும் தருகிறேன். ஒரேகன் மாநில நண்பர்கள் இருவர் 1995-இல் பந்து விளையாடும்போது கடற்கொள்ளையரைப் போலப் பேசிச் சிரித்து, செப்டம்பர் 19-ஐ அப்படிப் பேசுவதற்கென்றே ஒதுக்கினார்கள். ஏழு ஆண்டுகளாக அது அவர்களுடைய நட்பு வட்டத்தைத் தாண்டவில்லை. 2002-இல் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் டேவ் பாரிக்கு எழுதிப்போட்டார்கள். அவர் தம் பத்தியில் குறிப்பிட்டதும் அது உலகம் முழுதும் போய்விட்டது. ஹரோல்டு புல்மன் காஃபின் என்ற மற்றொரு பத்தி எழுத்தாளர் 1972-இல் இன்னும் ஒருபடி மேலே போனார். கொண்டாட்ட நாள்கள் பெருகிவிட்டதைக் கண்டு, எதையும் கொண்டாடாமல், எதையும் நினைவுகூராமல், யாரையும் கௌரவிக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்று ஒரு நாள் வேண்டும் என்று முன்மொழிந்தார். 1973 முதல் ஜனவரி 16 ‘ஒன்றுமில்லா நாள்’ ஆகிவிட்டது. அதையும் இப்போது குறிப்பேடுகளில் பதிந்து, வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அனுப்பினால் நாளின் விதியை மீறியவர்களாக ஆவோமே என்ற கவலை அவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. நாளின் பெயரோடு, தொடங்கியவர், இடம், ஆண்டு, காரணம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுங்கள். இடம் போதாதென்றால், ஒரே தேதிக்கு மூன்று நாள்களைத் திணிக்காமல் நல்ல கதையுள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தன் சரக்கை விற்பதற்காக உருவாக்கிய நாள் என்றால், அதையும் பெயரோடேயே சொல்லிவிடுங்கள். வாங்குவதும் வாங்காததும் வாசகர் பாடு. வெளியிடும் முன் தேதியைச் சரிபாருங்கள். கடைசித் திங்கள், மூன்றாம் திங்கள் என்று ஆண்டுக்காண்டு நகரும் நாள்கள் சென்ற ஆண்டின் தேதியிலேயே தங்கள் பெட்டியில் தங்கிவிடுகின்றன. ஜனவரி 16 அன்று கோடு மட்டும் போட்டுப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். விளம்பரப் பிரிவினர் அந்த இடத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பிப்ரவரி 2-இன் தீர்ப்பை மறுநாள் இதழில் தவறாமல் வெளியிடுங்கள். அதை வானிலைக் குறிப்போடு சேர்த்துவிடாமல், விளையாட்டுப் பக்கத்தில், ஃபில்லின் இதுவரையிலான வெற்றி தோல்வி விழுக்காட்டுடன் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்